2029 சித்திரை 1 விடியற்காலை பூமியை உரசிச் செல்லும் சிறுகோள்: காஞ்சிபுரத்தில் தறியை நிறுத்தணுமா, நடை சாத்துவாங்களா?

2029 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. அன்று இந்திய நேரப்படி அதிகாலை சுமார் 3.16 மணிக்கு, 'அபோபிஸ்' என்ற சிறுகோள் பூமிக்கு மிக அருகில் வருகிறது. நாள் நெருங்க நெருங்க வாட்ஸ்ஆப்பில் 'உலகம் அழியப் போகுது' வகை ஃபார்வர்டுகள் வரிசை கட்டும். கோயில் நகரமும் நெசவு நகரமுமான காஞ்சிபுரத்தில் எழக்கூடிய கேள்விகளுக்கு இதோ பதில்கள்.

எவ்வளவு பக்கத்தில் வருது?

தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. நம் வீட்டு டிவிக்கு சிக்னல் அனுப்பும் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அதைவிடப் பக்கம்! அபோபிஸின் அகலம் சுமார் 340 மீட்டர்.

மோதுமா?

மோதாது. 2004 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்ட அபோபிஸ், அதே ஆண்டு டிசம்பரில் 2029-ல் மோத 2.7 சதவீதம் வாய்ப்பு இருப்பதாகக் கணிக்கப்பட்டு உலகையே பயமுறுத்தியது. கூடுதல் தரவுகள் வந்ததும் அந்த ஆபத்து விலகியது. அடுத்த 100 ஆண்டுகளுக்காவது மோதல் இல்லை என்று 2021 மார்ச்சில் நாசா அறிவித்தது. எகிப்தியப் புராணத்தில் சூரியக் கடவுளைத் தாக்கும் பாம்பின் பெயர்தான் அபோபிஸ். நம்ம ஊர் ராகு, கேது கதையை நினைவூட்டும் பெயர்.

சதவீதம் ஏன் ஏறி இறங்குது?

2025 தொடக்கத்திலும் இதே பதற்றம். 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22-ல் மோதும் வாய்ப்பு, பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதமானது. மோதினால் விழக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் மும்பை, கொல்கத்தா பெயர்கள் தலைப்புகளில் அடிபட்டன. ஒரே வாரத்தில் வாய்ப்பு 0.004 சதவீதமாகச் சரிந்தது. ஏறியபோது பரவிய வேகத்தில், இறங்கிய செய்தி பரவவில்லை.

இது விஞ்ஞானிகள் மாற்றிப் பேசியதல்ல. விரித்த பட்டுப்புடவை மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். சிறுகோள் வரக்கூடிய பரப்பு புடவை, பூமி நாணயம். அளவீடு துல்லியமாக ஆக, புடவையை மடித்துக்கொண்டே போகிற மாதிரி அந்தப் பரப்பு சுருங்கும். நாணயம் இன்னும் புடவை மேலேயே இருந்தால், அதன் பங்கு பெரிதாகும், சதவீதம் ஏறும். ஒரு மடிப்பில் நாணயம் புடவைக்கு வெளியே போய்விட்டால் கதை முடிந்தது.

கிரகணம் மாதிரி விதிமுறை உண்டா?

கிரகணத்தில் நிழல் விழும். நேரம் பஞ்சாங்கத்தில் இருக்கும். கோயில்களில் நடை சாத்துவது வழக்கம். சிறுகோள் கடந்து போவதில் நிழலும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. பஞ்சாங்கம் கணக்கிடும் நவக்கிரகங்களிலும் இது இல்லை. கர்ப்பிணிகள் வெளியே வரலாம், சாப்பிடலாம். நெய்தால்தான் கூலி என்று வாழும் நெசவாளர்கள் புரளிக்காக ஒரு நாள் தறியை நிறுத்தினால், நஷ்டம் அவர்களுக்குத்தான். சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. இதைத் தாராளமாகப் பார்க்கலாம்.

காஞ்சிபுரத்தில் தெரியுமா?

3.16 மணிக்கு அது அட்லாண்டிக் கடலுக்கு மேல் போயிருக்கும். நமக்கு வசதியான நேரம் அதற்கு முந்தைய ஏப்ரல் 13 இரவு. இந்தியப் பெருங்கடலுக்கு மேலாக, தெற்கிலிருந்து மேற்கு நோக்கி நகரும் ஒரு நட்சத்திரப் புள்ளி போலத் தெரியும். மேகம் இல்லாமல், தெருவிளக்கு வெளிச்சம் இல்லாத இடமாக இருந்தால் போதும்.

நாட்றம்பள்ளியில் விழுந்தது என்ன?

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு சாலையில் போனால் வரும் ஊர் நாட்றம்பள்ளி. 2016 பிப்ரவரி 6-ல் அங்குள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வெடிச்சத்தம் கேட்டது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார், மூன்று பேர் காயமடைந்தனர். விண்கல் விழுந்ததாக அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்து, ஓட்டுநர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தார். புகைப்படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றனர். பள்ளமும் கல்லும் கிடைத்ததுமே விண்கல் என்று முடிவு கட்ட முடியாது. ஆய்வகச் சோதனை வேண்டும்.

வார்த்தைக் குழப்பமும் வேண்டாம். சூரியனைச் சுற்றும் பாறை சிறுகோள். காற்றுமண்டலத்தில் எரிந்து ஒளிர்வது எரிகல். எரிந்து மிஞ்சித் தரையில் விழுவது விண்கல்.

தமிழ்நாட்டுக்கும் சிறுகோளுக்கும் என்ன உறவு?

நிறைய. 1861-ல் சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். 1988-ல் ஆர்.ராஜமோகன் காவலூரிலிருந்து கண்டுபிடித்தது 'ராமானுஜன்', கணிதமேதையின் நினைவாக. அந்தக் காவலூரும் நாட்றம்பள்ளியும் இன்று ஒரே திருப்பத்தூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

ஃபார்வர்டு வந்தால் என்ன பார்க்கணும்?

மூன்று விஷயம்: சிறுகோளின் பெயர், தேதி, தூரம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பகிராதீர்கள். மூன்றும் இருந்தால் நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை தளங்களில் சரிபாருங்கள். 2029-ஐ சிறுகோள் விழிப்புணர்வுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. புத்தாண்டுக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள் முந்தைய இரவு மாடிக்கும் ஒரு நடை போய் வரலாம்.