டேப் ரிக்கார்டரும் கத்தரிக்கோலும்

1941ஆம் ஆண்டின் இளவேனில். ஹென்றி மத்தீஸ் பிரான்சின் லியோன் நகரத்தில் உடல் தேறிக்கொண்டிருந்தார். வயது 71. ஜனவரியில் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை, பிழைத்ததே மறுபிறவி. நாட்டில் பாதிக்கு மேல் ஜெர்மானியர் கையில் இருந்தது. அந்த நேரத்தில் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார் பியர் கூர்த்தியோன் என்ற சுவிஸ் கலை விமர்சகர். ஒன்பது அமர்வுகளில் மத்தீஸ் மனம்விட்டுப் பேசினார். மாணவப் பருவத்தின் வறுமை, ஆசிரியர் குஸ்தாவ் மோரோ, தன் ஓவியங்களை வாங்கியவர்கள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஜெனீவாவின் ஆல்பர்ட் ஸ்கிரா அதைப் புத்தகமாகப் போடத் தயாராக இருந்தார். ‘அரட்டை’ என்கிற பொருளில் ஒரு தலைப்புகூட யோசித்தாயிற்று.

தட்டச்சான பக்கங்கள் கைக்கு வந்ததும் மத்தீஸ் பேனாவை எடுத்தார். அடித்தார், சேர்த்தார், மறுபடி அடித்தார். திருத்தத் திருத்தத் திருப்தி வரவில்லை. கடைசியில், வேண்டாம், வெளியிடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கூர்த்தியோனின் காகிதங்களோடு சேர்ந்து அந்தப் பக்கங்கள் அமெரிக்காவின் கெட்டி ஆய்வு நிறுவனத்துக்குப் போய், 2013இல்தான் நூலாக வெளிவந்தன. பேசியவர் இறந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

வாயால் சொன்னதை அச்சில் பார்த்ததும் ‘இதை நானா சொன்னேன்?’ என்று மிரண்டவர் மத்தீஸ் மட்டுமல்ல. கலைஞரின் நீண்ட நேர்காணல் என்கிற வடிவத்தின் வரலாற்றை ஒரே கேள்வியாகச் சுருக்கிவிடலாம்: பேச்சு முடிந்தபின் கத்தரிக்கோல் யார் கையில் இருக்கிறது?

பழைய காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. எழுதுகிறவர் சொன்னதுதான் சட்டம். 1550இல் இத்தாலியக் கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த ஜார்ஜோ வசாரி, கேள்விப்பட்டதையும் கண்டதையும் சுவைக்காகச் சேர்த்ததையும் ஒரே குரலில் எழுதினார். ஓவியர் செசான் 1906இல் இறந்தார். அவரோடு பழகிய இளங்கவிஞர் ஜோவாக்கிம் கஸ்கே, அவருடன் நடந்ததாக மூன்று நீண்ட உரையாடல்களைச் சேர்த்து 1921இல் ஒரு நூல் வெளியிட்டார். படிக்க அருமையாக இருக்கும். அதுதான் சிக்கலே. அந்தப் பேச்சில் செசான் எவ்வளவு, கஸ்கே எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். செசான் சொன்னதாக அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் சில வரிகள் கவிஞரின் கைச்சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்தச் சந்தேகத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வந்ததுபோல வந்தது டேப் ரிக்கார்டர். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏஇஜி நிறுவனம் ‘மேக்னடோஃபோன்’ என்ற கருவியைக் காட்டியது. போருக்குப் பின் அந்தத் தொழில்நுட்பம் அமெரிக்காவுக்குப் போய், 1948இல் ஆம்பெக்ஸ் கருவியாக வானொலி நிலையங்களுக்குள் நுழைந்தது. 1963இல் பிலிப்ஸ் கேசட் வந்தது. இனி யாரும் ‘அவர் சொன்னதாக ஞாபகம்’ என்று எழுத வேண்டியதில்லை. இருமல்கூடப் பதிவாகிவிடும்.

இதன் அருமையை முதலில் புரிந்துகொண்டவை ஆவணக் காப்பகங்கள். 1954இல் டெட்ராய்ட்டில் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகம், 1958 முதல் கலைஞர்களின் பேச்சை ஒலிநாடாவில் சேர்க்கத் தொடங்கியது. 1970இல் அது ஸ்மித்சோனியன் நிறுவனத்தோடு இணைந்தது. பிரிட்டனில் டேட் காட்சியகத்தின் ஒத்துழைப்புடன் ‘கலைஞர் வாழ்க்கைகள்’ என்ற திட்டம் 1990இல் தொடங்கியது. பிறந்த ஊர், அப்பாவின் வேலை, அம்மாவின் கண்டிப்பு எல்லாம் கேட்ட பிறகுதான் அங்கே ஓவியத்துக்கே வருவார்கள். இந்தப் பதிவுகளில் பாதி நேரம் கலையைப் பற்றிய பேச்சே இருக்காது. வாடகை, பள்ளிக்கூட வேலை, கேலரிக்காரர் தராமல் இழுத்தடித்த பணம். கலை வரலாற்றுப் புத்தகங்களில் இடம் கிடைக்காத சங்கதிகள் இங்கேதான் கிடக்கின்றன.

பத்திரிகையும் புத்தகமும் அப்படி இருக்க முடியாது. அங்கே வெட்டியே ஆக வேண்டும்.

இந்த வெட்டும் கலையின் பெரிய கைகாரர் லண்டன் விமர்சகர் டேவிட் சில்வெஸ்டர். ஓவியர் ஃபிரான்சிஸ் பேக்கனை அவர் முதலில் பேட்டி கண்டது 1962இல், பிபிசி வானொலிக்காக. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேச்சு தொடர்ந்தது. 1975இல் நூலானது, 1980இலும் 1987இலும் விரிவான பதிப்புகள். நவீன ஓவியர் ஒருவரோடு நடந்த உரையாடல் என்றால் எவரும் முதலில் சொல்வது இந்த நூலைத்தான். பேச்சு அவ்வளவு இயல்பாக ஓடும். ஆனால் சில்வெஸ்டரே முன்னுரையில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்: வெவ்வேறு நாட்களில் பேசியவற்றை ஒன்றாகக் கோத்திருக்கிறார், ஓட்டத்துக்காகக் கேள்விகளை மாற்றி எழுதியிருக்கிறார்.

இயல்பு என்று நாம் நினைப்பது மேசையில் வைத்துச் செய்யப்பட்டது. அதில் குறை ஒன்றும் இல்லை. டேப்பை அப்படியே எழுத்தாக்கிப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பெரிய மேதையும் பாதி வாக்கியத்தில் நின்று ‘அதாவது... வந்து...’ என்றுதான் இழுப்பார். பேக்கன் பக்கமும் ஒரு கத்தரி இருந்தது. ஓவியத்துக்கு முன்னோட்டமாகக் கோட்டுச்சித்திரம் போடும் பழக்கம் தனக்கு இல்லை, நேரே கேன்வாஸில்தான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். 1992இல் அவர் இறந்தபின் அவர் போட்ட சித்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டேட் காட்சியகம் 1998இல் அப்படி ஒரு தொகுதியை வாங்கியது. டேப் பொய் சொல்லாது என்பது சரி. டேப்பில் பேசுகிறவர்?

பேசியவர் உண்மை பேச, அச்சு அதை விழுங்கிய கதையும் உண்டு. 1963 நவம்பரில் நியூயார்க்கின் ‘ஆர்ட்நியூஸ்’ பத்திரிகை, பாப் கலை என்றால் என்ன என்ற கேள்வியோடு ஓவியர்களின் பேட்டித் தொடரை வெளியிட்டது. எடுத்தவர் ஜீன் ஸ்வென்சன் என்ற இளம் விமர்சகர். அதில் ஆன்டி வார்ஹோல், எல்லோரும் ஒன்றுபோலச் சிந்திக்க வேண்டும், எல்லோரும் எந்திரமாக வேண்டும் என்கிற தொனியில் பேசியிருந்தார். உணர்ச்சியற்ற எந்திர மனிதர் என்ற வார்ஹோல் பிம்பத்துக்கு அடிக்கல் நாட்டியது அந்தப் பேட்டிதான். கல்லூரிப் பாடங்களில் அது அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்வென்சன் 1969இல் விபத்தில் இறந்துபோனார். அவர் பதிவு செய்த ஒலிநாடாவைத் தேடிப்பிடித்துக் கேட்ட ஜெனிஃபர் ஸிஷெல் என்ற கலை வரலாற்றாய்வாளர், அதை எழுத்தாக்கி 2018இல் வெளியிட்டார். டேப்பில் பேச்சு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. பேட்டி முழுக்கவே தன்பாலீர்ப்பைப் பற்றி இருக்கட்டுமே என்று வார்ஹோலே சொல்கிறார். எல்லோரும் எல்லோரையும் விரும்புவது, எந்திரம்போல வேற்றுமை பார்க்காமல் இருப்பது எல்லாம் அந்தச் சூழலில் வந்த பேச்சு. ஆணும் ஆணும் காதலிப்பது சட்டப்படி குற்றமாக இருந்த காலம். பத்திரிகையில் அந்தப் பகுதியே இல்லை. தன் அடையாளத்தைப் பற்றி ஒருவர் பேசியது, எந்திரங்களைப் பற்றிய தத்துவமாக அச்சேறியது.

இன்னொரு அடையாளப் பேச்சு 1969 ஜனவரியில் வெளிப்படையாகவே அச்சில் வந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் இதழில் ‘அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்’ என்ற கலந்துரையாடலை வெளியிட்டது. நடத்தியவர் ஓவியர் ரோமார் பியர்டன். ஜேக்கப் லாரன்ஸ், சாம் கில்லியம், ரிச்சர்ட் ஹன்ட், வில்லியம் டி. வில்லியம்ஸ், ஹேல் வுட்ரஃப், டாம் லாயிட் எல்லோரும் இருந்தார்கள். இவர்களில் லாயிட் மின்விளக்குகளை வைத்துச் சிற்பம் செய்தவர். நிறம் மாறி மாறி எரியும் விளக்குகள், அவ்வளவுதான். முந்தைய ஆண்டு ஹார்லெம் ஸ்டுடியோ அருங்காட்சியகம் திறந்தபோது முதல் கண்காட்சி அவருடையதே. கறுப்பினக் கலை என்று தனியாக ஒன்று உண்டு, கலைஞன் தன் சமூகத்துக்காகத்தான் வேலை செய்ய வேண்டும் என்று அந்த அறையில் வரிந்துகட்டிக்கொண்டு நின்றவர் அவர். மற்றவர்கள் மடக்கினார்கள். இந்த விளக்குகளில் கறுப்பினம் எங்கே இருக்கிறது என்பதற்கு எளிதான பதில் இல்லை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, அச்சிலும் யாரையும் சமாதானப்படுத்தி முடிக்கவில்லை. அதனாலேயே அது இன்றும் படிக்கத் தக்கதாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் அதே மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், கறுப்பின மக்களின் பகுதியான ஹார்லெமைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி திறந்தது. சுவர் முழுக்கப் புகைப்படங்கள். ஹார்லெமில் வாழ்ந்த கறுப்பின ஓவியர்களின் படைப்புக்கு அதில் இடமில்லை. வாசலில் மறியல் நடந்தது. மறியலை ஒருங்கிணைத்தவர்களில் ஹென்றி கென்ட் ஒருவர். ஆறு மாதம் முன்புதான் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்துக்காக பியர்டனைப் பேட்டி எடுத்திருந்தார். இதழில் பேச இடம் கொடுப்பது சுலபம், சுவரில் மாட்ட இடம் கொடுப்பது வேறு விஷயம்.

பெண்களின் பேச்சு புத்தகமாவதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. சின்டி நெம்சர் 1975இல் வெளியிட்ட நூலில் பன்னிரண்டு பெண் கலைஞர்கள்: சோனியா டெலோனே, பார்பரா ஹெப்வொர்த், லூயிஸ் நெவல்சன், ஆலிஸ் நீல், லீ க்ராஸ்னர்... ஜாக்சன் பொல்லாக்கின் மனைவி என்றே அதுவரை அழைக்கப்பட்ட க்ராஸ்னர் ஓவியராகவே இங்கே பேசுகிறார். சிற்பி எவா ஹெஸ்ஸேயோடு நெம்சர் பேசியது 1970 ஜனவரியில். ஹெஸ்ஸேக்கு மூளையில் கட்டி. இரண்டு வயதில் நாஜிகளிடமிருந்து தப்பிக் குழந்தைகள் ரயிலில் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அம்மாவின் தற்கொலை, நோய், தன் சிற்பங்களின் ரப்பர்ப்பால், கண்ணாடியிழை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசினார். அதன் ஒரு பகுதி மே மாத ‘ஆர்ட்ஃபோரம்’ இதழில் வந்தது. அந்த மாதம் 29ஆம் தேதி அவர் இறந்தார், 34 வயதில்.

கத்தரிக்கோலை மறைக்காமல் மேசைமேல் எடுத்து வைத்தவர் இத்தாலியின் கார்லா லொன்ஸி. 1969இல் அவர் வெளியிட்ட ‘தன்னுருவப்படம்’ நூலில் பதினான்கு கலைஞர்கள் ஒரே அறையில் விடியவிடியப் பேசுவதுபோல இருக்கும். அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை. பல ஆண்டுகளாகத் தனித்தனியே பதிந்த பேச்சுகளை அவர் கதம்பம்போலக் கட்டியிருந்தார். அவர்களில் ஒருவரான ஓவியர் சை டுவாம்பிளிக்கு எழுதி அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலே வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெயரை எடுத்திருப்பார்கள். லொன்ஸி கேள்விகளை முழுசாக அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் மௌனமாக இருந்ததை மட்டும் குறித்தார். விமர்சகர் தீர்ப்புச் சொல்கிறவர் என்ற அதிகாரமே போலி என்பது அவர் கட்சி. பதினான்கு பேரில் ஒரே பெண் கார்லா அக்கார்டி. மறு ஆண்டு லொன்ஸி கலை விமர்சனத்தை விட்டுவிட்டு, அக்கார்டியோடு சேர்ந்து பெண்ணியக் குழு ஒன்றைத் தொடங்கினார்.

டேப் ரிக்கார்டரை மட்டும் விடவில்லை. நூலில் வரும் பதினான்கு பேரில் ஒருவரான சிற்பி பியத்ரோ கொன்சாக்ரா அவருடைய வாழ்க்கைத் துணை. 1980இல் இருவரும் கருவியை நடுவில் வைத்து, பல அமர்வுகளில் தங்கள் உறவைப் பற்றியே பேசினார்கள். உன் வேலைக்கு நான் கொடுத்த நேரம், சிந்தனை, துணை எல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்பது லொன்ஸியின் கேள்வி. படைப்புக்குத் தனிமை வேண்டும் என்பது கொன்சாக்ராவின் வாதம். சுற்றிச்சுற்றி அங்கேயே வந்து நின்றார்கள். பேச்சு பிரிவில் முடிந்தது. பதிவைத் தட்டச்சு செய்து, ‘நீ போகலாம்’ என்று பெயர் வைத்து, அந்த ஆண்டே லொன்ஸி நூலாக வெளியிட்டார்.