ஒரு போகமும் ஐந்து ஆண்டுகளும்

தம்பிலுவில் வயல்களைக் கடக்கும்போதெல்லாம் 2021 ஆம் ஆண்டு எனக்கு நினைவுக்கு வரும். அவ்வாண்டு மே மாதம், இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தியது. 1962 முதல் மானியம் கொடுத்துப் பசளைக்குப் பழக்கிய நிலத்தை ஒரு போகத்துள் மாறச் சொன்னார்கள். நவம்பரில் தடை நீங்கியது. ஆயினும் பெரும்போகம் தப்பவில்லை. விளைச்சல் வீழ்ந்தது, இயற்கை வேளாண்மை என்ற சொல்லே பழிக்கு உள்ளானது.

பழி முறைக்குரியதா, அவசரத்துக்குரியதா? விடை தெலுங்கு நாட்டில் இருக்கிறது. கம்மம் பகுதியின் புனுகுல கிராமத்தில், பருத்திக்கு அடித்த கிருமிநாசினி கடனையும் நோயையும் கொண்டுவந்தது. 1999 இல் அங்கே வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும் பூச்சிப்பொறிகளுக்கும் மாறும் முயற்சி தொடங்கியது. பெண்கள் குழுக்கள் அதைக் கையிலெடுத்து, வீட்டு ஆண்களை இணங்கவைத்தன. 2004 இல் கிருமிநாசினியற்ற ஊரெனக் கிராமமே அறிவித்தது. பின்னர் ஆந்திர அரசும் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் வழியாகவே இம்முறையைப் பரப்பியது.

ஒரு கிராமத்துக்கே ஐந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. ஒரு நாட்டுக்கு நாம் கொடுத்தது ஒரு போகம். எங்கள் பக்கத்து வயல்களிலும் களை பிடுங்கும் கைகளிற் பெரும்பாலானவை பெண்களுடையவை. அறிவித்தலுக்கு முன் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.