நீண்டகால நினைவாற்றல்

நீண்டகால நினைவாற்றல் என்பது செய்திகளை நாட்கணக்கிலோ வாழ்நாள் முழுவதுமோ தக்கவைக்கும் திறன் ஆகும். இது வெளிப்படை நினைவு, உள்ளுறை நினைவு என இருவகைப்படும். வெளிப்படை நினைவினுள் நிகழ்வு நினைவையும் பொருள் நினைவையும் 1972 இல் எண்டல் டல்விங் வேறுபடுத்தினார். திருப்பூர் பின்னலாடைக்குப் பெயர்பெற்றது என அறிந்திருப்பது பொருள் நினைவு. வீரபாண்டியில் தாம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை ஒருவர் எண்ணிப்பார்ப்பது நிகழ்வு நினைவு. ஓவர்லாக் இயந்திரத்தில் துணியைச் சுருங்காமல் செலுத்தும் கைப்பழக்கமோ உள்ளுறை நினைவைச் சேர்ந்த செயல்முறை நினைவு. இதைச் சொல்லி விளக்குதல் அரிது.

அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953 இல் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்ட அறுவையில் மூளையின் இருபுற ஹிப்போகாம்பசின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்வுகள் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆயினும் கண்ணாடியில் பார்த்து விண்மீன் வடிவம் வரையும் பயிற்சியில் நாள்தோறும் தேர்ச்சி பெற்றார். முன்தினம் வரைந்ததை மட்டும் அறியார். 2008 இல் இறக்கும்வரை ஆய்வேடுகளில் எச். எம். என்றே குறிக்கப்பட்டார்.