காலித் தோம்பு எங்கே போயிற்று?



தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தோம்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. டீசல் கொண்டுவந்த இரும்புத் தோம்பு, காலியானதும் லயத்து வீட்டுக் கூரையடியில் மழைநீர் பிடிக்க நின்றது. அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும் குப்பை எரிக்கப் பயன்பட்டது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் கல்யாண வீட்டு அடுப்பாயிற்று. களைக்கொல்லி மருந்தும், பாலை உறையவைக்கும் அமிலமும் வந்த பிளாஸ்டிக் கலன்களும் அப்படித்தான். உள்ளே இருந்தது தீர்ந்ததும் அவை கிணற்றடிக்கும் குளியலறைக்கும் சமையற்கட்டுக்கும் வந்து சேர்ந்தன.

சரக்கு தீர்ந்த பின் அந்தக் கலன் தான் வந்த இடத்துக்கே ஏன் திரும்பிப் போகவில்லை? தொழிற்சாலைக் கழிவுகளை அள்ளும் கலன்களின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. மடக்கக்கூடிய கலன், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கக்கூடிய கலன் என்றெல்லாம் மனிதன் யோசித்துச் செய்ததற்கும் இதுவே காரணம்.

கழிவைத் தெருவில் கொட்டாதே, கலனில் போடு என்று ஒரு பெருநகரத்துக்கே ஆணையிட்டவர் பாரிஸ் நகர நிர்வாகி யூஜின் புபெல். ஆண்டு 1884. வீட்டுக்காரர்கள் கழிவை மூன்றாகப் பிரித்து மூடியுள்ள தொட்டிகளில் வைக்க வேண்டும் என்றார். அழுகும் பொருள் ஒன்றில், காகிதமும் கந்தையும் இன்னொன்றில், கண்ணாடியும் சிப்பி ஓடும் மற்றொன்றில். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் தங்கள் வயிற்றில் அடிக்கிறார் என்று கொதித்தெழுந்தார்கள். இன்றைக்கும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்குப் 'புபெல்' என்றே பெயர். அந்தப் பெருமையை அவர் விரும்பினாரோ என்னவோ! அவருடைய தொட்டி வாசலை விட்டு நகரவில்லை. வண்டி வந்து, கவிழ்த்துக்கொண்டு, தொட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடும். தொழிற்சாலைக் கழிவுக்கு அது சரிப்படாது. எரிக்கும் அமிலத்தையும் நச்சுக் குழம்பையும் வாசலில் வைத்துக் கவிழ்க்க முடியாது. அங்கே கழிவோடு சேர்ந்து கலனும் பயணம் போக வேண்டும்.

பயணம் போகும் கலன் முன்பு மரப்பீப்பாயாக இருந்தது. 1860களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறுகள் பெருகியபோது, கிடைத்த பீப்பாய்களில் எல்லாம் எண்ணெயை நிரப்பினார்கள். 42 அமெரிக்க காலன் கொண்ட பீப்பாய் அப்போது அளவையாக நிலைத்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலையை இன்றும் அந்தப் பீப்பாய்க் கணக்கில்தான் சொல்கிறார்கள். ஆனால் மரம் கசியும், உலர்ந்தால் வெடிக்கும். எண்ணெய்க்கு அது ஏற்ற கலன் அல்ல.

இரும்புத் தோம்பின் கதையில் நமக்குக் கொஞ்சம் பழக்கமான ஒரு பெண்மணி வருகிறார். நெல்லி பிளை என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், 1889ஆம் ஆண்டு நவம்பரில் புறப்பட்டு 72 நாளில் உலகத்தைச் சுற்றி வந்தவர். அந்தப் பயணத்தில் கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கினார். சிங்கப்பூரில் ஒரு குரங்கை வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார். பின்னர் ஓர் இரும்புச் சாமான் தொழிற்சாலையின் உரிமையாளரை மணந்தார். 1904இல் கணவர் இறந்ததும் தொழிற்சாலையைத் தாமே நடத்தினார். அங்கே வேலை பார்த்த ஹென்றி வெர்ஹான் வடிவமைத்த இரும்புத் தோம்புக்கு 1905 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையை அவர் நெல்லி பிளைக்கே எழுதிக் கொடுத்தார்.

அந்த வழியில் வந்த தோம்பை அமெரிக்கர்கள் 55 காலன் என்பார்கள். பிரிட்டிஷ் காலன் பெரியது என்பதால் நமக்கு அது 44 காலன் தோம்பு. இரண்டும் ஏறத்தாழ 200 லிட்டர்தான். அதன் நடுவே இரண்டு வளையங்கள் புடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. சுவர் நசுங்காமல் காக்கின்றன. படுக்கவைத்தால் வளையங்கள் மட்டும் தரையைத் தொடுவதால் எளிதாக உருளும். இருநூறு கிலோ எடையைச் சாய்த்து, விளிம்பிலேயே உருட்டிக்கொண்டு போகும் ஆளை நாம் ஸ்டோர் வாசலில் பார்த்ததில்லையா? நிறைந்த தோம்புக்கு இதைவிட நல்ல வடிவம் அமைவது கடினம்.

காலித் தோம்பின் கதை வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடிக் கப்பல் பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 80 தோம்புகளை அடுக்கலாம். போகும்போது 16,000 லிட்டர் சரக்கு போகிறது. திரும்பும்போதும் அதே 80 தோம்புகள் அதே இடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஒன்று 18 கிலோ என்று வைத்தால் 1,440 கிலோ இரும்பும், மீதியெல்லாம் காற்றும். அந்தக் காற்றைச் சுமக்க லாரிக்கு வாடகை கொடுக்க வேண்டும். எந்த முதலாளி கொடுப்பார்? சுத்தமான எண்ணெய் வந்த தோம்பென்றால் கழுவி, நெளிவெடுத்து, சாயம் பூசி மறுபடி விற்கும் தொழில் உண்டு. நச்சுக் கழிவு ஏறிய தோம்பை விரும்பிக் கேட்பவர் யார்?

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அமெரிக்காவில் இரண்டு ஊர்கள் சாட்சி. நயாகரா அருவிக்குப் பக்கத்தில் லவ் கால்வாய் என்று ஒரு பாதிக் கால்வாய். 1942 முதல் 1953 வரை ஓர் இரசாயன நிறுவனம் அதில் ஏறத்தாழ இருபதாயிரம் டன் கழிவைப் புதைத்தது. பெரும்பகுதி தோம்புகளோடு போயிற்று. பிறகு அந்த நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. அங்கே தொடக்கப் பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. தோம்புகள் துருப்பிடித்தன. மழைக்குப் பிறகு அவை மண்ணுக்கு மேலே தலைகாட்டின, வீட்டு நிலவறைகளில் கறுப்புக் குழம்பு ஊறியது. அந்தப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளையின் தாயார் லோயிஸ் கிப்ஸ் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் அங்கே நெருக்கடி நிலையை அறிவித்தார், குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

இன்னொன்று கெண்டக்கி மாநிலத்தில். அந்த இடத்துக்குத் 'தோம்புப் பள்ளத்தாக்கு' என்றே பெயர் விழுந்துவிட்டது. 1979இல் பதினேழாயிரத்துக்கும் அதிகமான தோம்புகள் அங்கே வெட்டவெளியில் கிடந்தன. முதலில் அங்கே நடந்தது என்ன தெரியுமா? குழி வெட்டி, தோம்பிலிருந்த நச்சுக் கழிவைக் குழியில் ஊற்றிவிட்டு, காலித் தோம்பை விற்றார்கள். இந்த இரண்டு இடங்களும் செய்தியான பிறகுதான், 1980இல், நச்சு நிலங்களைத் துப்புரவு செய்ய அமெரிக்கா தனிச் சட்டம் இயற்றியது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். காலிக் கலனைச் சுருக்குவது எப்படி என்று யோசித்தவர்களுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று நமக்கு எப்போதோ தெரிந்த வழி. பால் மரத்தில் கட்டும் மங்கைப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல். அதனால் காலி மங்குகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும், ஒரு கூடையில் நிறையக் கொண்டுபோகலாம். கட்டடக் கழிவு அள்ளும் பெரிய இரும்புத் தொட்டிகளின் சுவர் சாய்வாக இருப்பதும் இதற்கே. நான்கைந்து காலித் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து ஒரே லாரி ஏற்றிச் செல்லும். இன்று வீட்டு வாசல்களில் நிற்கும் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியும் அந்த இனந்தான். 1968இல் இங்கிலாந்தின் ஸ்லௌ நகரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை தன் கழிவை உள்ளே இடம் மாற்றுவதற்காகச் செய்துகொண்டதுதான் பின்னர் தெருவுக்கு வந்தது.

ஆனால் மங்குக்குள் மங்கு இறங்கினால், நிறைந்த மங்கின் மேல் இன்னொன்றை எப்படி வைப்பது? இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் அழகானது. பெட்டியின் இரு முனைகளிலும் ஒன்றுபோல் இல்லாத மேடுகளை அமைத்தார்கள். ஒரு திசையில் வைத்தால் பெட்டி பெட்டிக்குள் இறங்கும். அரைவட்டம் திருப்பி வைத்தால் மேடுகள் தடுத்துவிடும்; மேல் பெட்டி கீழ்ப் பெட்டியின் விளிம்பிலேயே நிற்கும், உள்ளே இருப்பதை அழுத்தாது. இறுகிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க உட்புறத்தில் சிறு முட்டுகளும் உண்டு. ஈர மங்குகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இரண்டாவது வழி மடக்குவது. இதில் முந்திக்கொண்டது பை. செம்பனைத் தோட்டங்களில் உரம் வரும் ஜம்போ பை உங்களுக்குத் தெரியும். பாலிபுரோப்பிலின் நாடாவில் நெய்து, நான்கு மூலையிலும் தூக்குக் காது வைத்தது. ஒரு டன் சரக்கு கொள்ளும், காலியானால் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போகலாம். 1970களில் சிமெண்டு ஏற்றுமதியோடு பரவிய இந்தப் பை இன்று தொழிற்சாலைகளில் உலர்ந்த கழிவையும் அள்ளுகிறது.

திரவத்துக்கும் பை செய்ய முடியுமா என்று கேட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஹாதோர்ன். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியில் எண்ணெய்க் கப்பல்கள் திண்டாடியபோது, ரப்பர் பூசிய நைலான் துணியில் தொத்திறைச்சி வடிவிலே ஒரு நீண்ட பையை அவர் எண்ணினார். 'டிராக்கோன்' என்று பெயர். எண்ணெய் கடல்நீரைவிட இலேசானது; ஆகவே நிறைந்த பை மிதக்கும், படகு இழுத்துப் போகும். காலியானால் பெரிய உருளையில் பாய்போலச் சுற்றிவிடலாம். பால்மரம் வெட்டிய நமக்கு ஒரு சின்ன ஏமாற்றம்: எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிவிடும் என்பதால், அதற்குப் பூசியது செயற்கை ரப்பர். கடலில் கொட்டிய எண்ணெயை வழித்தெடுத்துச் சேர்த்துவைக்கும் பணிக்குப் பின்னாளில் இந்தப் பை பயன்பட்டது.

மடக்கும் கலன்களுக்குக் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கீல் இருக்கும் இடத்தில் கழிவு தங்கும். தங்கிய இடம் முதலில் அரிக்கும், முதலில் ஒழுகும். பை வெயிலில் கிடந்தால் நைந்துபோகும், ஓர் ஆணி போதும் கிழிவதற்கு. அதனால்தான் பக்கம் மடியும் ஆயிரம் லிட்டர்ப் பெட்டிகளில் உள்ளே தனியாக ஒரு பிளாஸ்டிக் பையை வைக்கிறார்கள். திரவம் பெட்டியைத் தொடுவதில்லை. உட்பை மட்டும் கழிவோடு போய்விடும், பெட்டி மடிந்து வீடு திரும்பும். கடும் அமிலத்துக்கும் கரைப்பான்களுக்கும் இன்னமும் மடங்காத கலனையே நம்பலாம் என்பது நம் கருத்து. அங்கே லாரி வாடகை பார்க்கக் கூடாது.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இல் வந்தது. நச்சுக் கழிவுகளுக்கான விதிகள் 1989இல் வந்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த 2005ஆம் ஆண்டு விதிகள் கலனைப் பற்றியே விரிவாகப் பேசுகின்றன. கழிவு அரிக்காத பொருளில் கலன் இருக்க வேண்டும், பெயரும் எச்சரிக்கையும் ஒட்ட வேண்டும், போடும்போதும் எடுக்கும்போதும் தவிர மூடியே இருக்க வேண்டும். 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சேர்த்து வைக்கக் கூடாது. நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில் இத்தகைய கழிவுகளைப் பக்குவப்படுத்தும் மையம் 1998 முதல் இயங்கி வருகிறது. அப்படியிருந்தும் 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவ உதவி நாடினர், 111 பள்ளிகள் மூடப்பட்டன. மையத்துக்குக் கொண்டுபோகும் செலவு ஒரு பக்கம், பக்கத்திலேயே ஆறு மறுபக்கம்.

அந்த விதிகளில் நம் வீட்டோடு சம்பந்தப்பட்டதும் ஒன்று இருக்கிறது. பூச்சிமருந்து பட்ட காலிக் கலனும் கழிவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவர்கள், பெரும்பாலும் நம் பெண்கள், இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காலியான மருந்துக் கலனில் கால் பங்கு தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. கால்வாயில் ஊற்றக் கூடாது. மூன்று முறை கழுவினாலும் அது குடிதண்ணீர் வைக்கத் தகுந்ததாகிவிடாது. பிளாஸ்டிக் சுவரில் ஊறிய மருந்து பின்னர் மெல்ல வெளியே வரும். ஆகவே கழுவி முடித்ததும் அடியிலும் பக்கத்திலும் ஆணியால் துளையிட்டு, ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். துளையிடச் சொல்வது, யாரும் அதை மறுபடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க.