பிசிரும் ஓட்டையும்

உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவியர் பலருக்குச் செக்கிங் டேபிளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அம்மாவோ அக்காவோ விடியலில் பனியன் கம்பெனி வேன் ஏறுவது அதற்குத்தான். அதே மாணவியர், வகுப்புத் தோழி ஒரு கட்சி கட்டிப் பேசி முடித்ததும் கருத்துச் சொல்ல எழுந்தால், “நல்லா இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் சத்தமா பேசியிருக்கலாம்” என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும் கலை வகுப்புக்கு ஏன் வரவில்லை?

செக்கர் பனியனை உள்பக்கமாகவும் திருப்பிப் பார்க்கிறார். பக்கத் தையல், தோள் தையல், கை கூடும் இடம் என்று விரல் ஓடுகிறது. கழுத்து ரிப்பை இரு கையாலும் இழுத்து, நூல் விடுகிறதா என்று பார்க்கிறார். துணியைவிடத் துணியும் துணியும் சேரும் இடத்தில்தான் அவர் கண். பேச்சுக்கும் உள்பக்கம் உண்டு. அங்கே “ஆகவே” என்ற சொல்தான் தோள் தையல். முன்னால் சொன்ன காரணமும் பின்னால் வரும் முடிவும் அங்கே உண்மையிலேயே கூடியிருக்கின்றனவா? எதிர்க்கட்சியின் கேள்வி ஒன்றைப் போட்டு இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குரலையும் கையசைவையும் பற்றிச் சொல்லுகிறவர்கள் வெளிப்பக்கத்தோடு நின்றுவிட்டவர்கள்.

குற்றங்களைத் தரம் பிரிப்பதில் கம்பெனி கல்லூரியைவிடக் கறார். 1,200 உருப்படி கொண்ட லாட்டில் 80 எடுத்து, ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 கணக்கில் 5 பழுது வரை ஏற்பார்கள்; ஆறாவது வந்தால் லாட் திரும்பும். வெட்டாமல் விட்ட பிசிருக்கு இன்னும் தாராளம். உடைந்த ஊசிமுனை சிக்கினாலோ கணக்கே கிடையாது, ஒன்று போதும். வகுப்பில் இது தலைகீழ். “வந்து” எத்தனை, “ஆக்சுவலி” எத்தனை என்று பிசிரை எண்ணுகிறோம். தவறான ஒரு புள்ளிவிவரம் ஊசிமுனையாய் உள்ளேயே போய்விடுகிறது. (1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சிக் கழகத்தில் பிசிர் எண்ணவே தனி ஆள் உண்டு. ஆனால் பேச்சை எடைபோடுபவர் வேறொருவர்.)

நன்னூலார் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களும் ஒரு செக்கிங் பட்டியல்தான். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், சென்று தேய்ந்து இறுதல் என்று ஒவ்வொரு பழுதுக்கும் பெயர் இருக்கிறது. “ஏதோ ஒட்டல” என்பவருக்கும் “மாறுகொளக் கூறல், மூன்றாம் நிமிடம்” என்பவருக்கும் உள்ள தூரம் பெரிது. செக்கர் பழுதில் ஒட்டும் ஆரோ ஸ்டிக்கர் செய்வதும் இதையே: பழுது இருக்கும் இடத்தை அம்பு தொட வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. செக்கரிடம் ஊசி இல்லை. அவர் காட்டுவார், பிரித்துத் தைப்பது டெய்லர். “நானாயிருந்தா இப்படிப் பேசியிருப்பேன்” என்று தொடங்குகிற தோழி, ஸ்டிக்கரைக் கீழே வைத்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடுகிறார்.

ஒப்புமை இங்கே ஒரு முட்டுச்சந்துக்கு வருகிறது. பனியனுக்கு வாங்குபவர் ஒப்பிய சாம்பிள் இருக்கிறது, அளவு அட்டை இருக்கிறது. பேச்சுக்கு அப்படி ஒன்றுமில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது சரியே என்று ஒரு மாணவி வாதிடுவதாக வைத்துக்கொள்வோம். நொய்யல் ஓரத்து விவசாயி மகளுக்கு அதில் ஓட்டையே தெரியாது. அப்போது வேலையிழந்த சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகளுக்கு ஓட்டை மட்டுமே தெரியும். துணியின் பழுது துணியில் இருக்கும். பேச்சின் பழுதில் பாதி கேட்பவரிடம். ஆனாலும் இரண்டாமவளின் ஸ்டிக்கர்தான் பேசியவளுக்கு அதிகம் பயன்படும் என்பது என் எண்ணம். கழுத்தை உண்மையாக இழுத்துப் பார்த்தவள் அவள்.

கற்பதில் கால் பங்கு உடன்பயில்வோரால் வருகிறது என்றும் நன்னூல் கணக்கிடுகிறது. அந்தக் கால் பங்கு எங்கே கசிகிறது என்பதற்கு விடை டேபிள்களின் அமைப்பில் இருக்கிறது. செக்கரின் வேலையை டெய்லர் ஒருநாளும் சோதிப்பதில்லை. வகுப்பிலோ இன்று செக்கர், நாளை டெய்லர். அதனால் பாராட்டு மொய்யாகிவிடுகிறது: நான் உனக்கு வைத்த “நல்லா இருந்துச்சு”வை வியாழக்கிழமை என் பேச்சுக்கு நீ திருப்பி வைக்க வேண்டும், ஒரு ரூபாய் கூடச் சேர்த்து.