கொடையாய் வந்த மென்பொருள்: நூற்பட்டியல் நடந்து வந்த பாதை

நூலகம் என்பது நூல்களை அடுக்கி வைத்த கூடம் மட்டுமன்று. கேட்டவர் கையில் கேட்ட நூலைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டுக்கே அப்பெயர் பொருந்தும். அவ்வேற்பாட்டின் உயிர்நாடி நூற்பட்டியல். பட்டியலில் ஏறாத நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததே ஆகும். எந்த வீட்டுப் பரணில் எந்த ஏடு கிடக்கிறது என்று அறிய வழியின்றி உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்த வரலாற்றை அறிந்தவர்களுக்குப் பட்டியலின் அருமையைத் தனியே எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கடந்த ஒன்றேகால் நூற்றாண்டில் இந்தப் பட்டியல் அட்டையில் இருந்து நாடாவுக்கும், நாடாவில் இருந்து திரைக்கும், திரையில் இருந்து வாசகரின் கைக்கும் இடம்பெயர்ந்துள்ளது. ஒவ்வொரு பெயர்ச்சியிலும் நூலகர்கள் முன் ஒரே வினா எழுந்தது. பட்டியல் யாருக்கு உரியது? அதை வைத்திருக்கும் நூலகத்துக்கா, கருவியைச் செய்து கொடுத்தவருக்கா, அதைத் தேடும் வாசகருக்கா?

அட்டைப் பேழையின் காலம்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1901ஆம் ஆண்டில் அச்சிட்ட பட்டியல் அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒரு நூலைப் பற்றிய விவரத்தை ஓரிடத்தில் எழுதி, அதனைப் பல இடங்களில் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அன்றே முளைவிட்டது. ஆயினும் அட்டைக்கென ஓர் உழைப்பு உண்டு. ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று எனப் பல அட்டைகள் வேண்டும். அவற்றை அகர வரிசை பிசகாமல் இழுப்பறைகளில் செருக வேண்டும். இடம் மாறிய ஓர் அட்டை, காணாமற்போன ஒரு நூலுக்குச் சமம்.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு அறிவியல் வடிவம் தந்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ.இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இலும், கோலன் பகுப்பு முறையை 1933இலும், பட்டியலாக்கத்துக்கான நெறிநூலை 1934இலும் வெளியிட்டார். அவர் முயற்சியின் பயனாக 1948இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் பிறந்தது. நூலகம் ஓர் உயிரினம் போல வளர்ந்துகொண்டே இருப்பது என்பதும், வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பதும் அவர் விதிகளின் சாரம். கருவிகள் மாறும், இந்த அளவுகோல்கள் மாறா. பின்வந்த எல்லா மாற்றங்களையும் இவற்றைக் கொண்டே எடை போடலாம்.

எண்களாக மாறிய அட்டை

கணிப்பொறிக்கு அட்டையைப் படிக்கத் தெரியாது. எது ஆசிரியர் பெயர், எது தலைப்பு, எது பதிப்பித்த ஊர் என்று மனிதக் கண் ஒரு நொடியில் பிரித்தறியும். பொறிக்கோ ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இட்டுக் கொடுக்க வேண்டும். இப்பணியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் மேற்கொண்டவர் ஹென்றியட் ஆவ்ராம் என்ற பெண்மணி. அவர் நூலகராகப் பயின்றவர் அல்லர். கணிப்பொறி நிரல் எழுதுபவர். 1966இல் 16 நூலகங்களுடன் தொடங்கிய சோதனை 1968இல் முழு வடிவம் பெற்று 'மார்க்' என்ற பெயரில் நிலைத்தது. அம்முறையில் 100 என்ற எண்ணின் கீழ் ஆசிரியர் பெயரும், 245 என்ற எண்ணின் கீழ் தலைப்பும் அமையும். மொழி எதுவாயினும் எண் ஒன்றே. இன்றளவும் உலக நூலகங்கள் பெரும்பாலானவை இவ்வெண்களின் வழியே தம்முள் பேசிக்கொள்கின்றன.

அடுத்த படி ஒஹையோ மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள கல்லூரிகள் 1967இல் கூட்டாக அமைத்த ஓ.சி.எல்.சி. என்ற நிறுவனம், பிரெடரிக் கில்கோர் தலைமையில், ஒரு நூலகம் செய்த பட்டியலைத் தொலைபேசிக் கம்பி வழியே பிற நூலகங்களும் பயன்படுத்த வழி கண்டது. 1971 ஆகஸ்ட் 26 அன்று ஏதென்ஸ் நகரில் உள்ள ஒஹையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகம் முதன்முதலாக இம்முறையில் பட்டியல் செய்தது. வேடிக்கை என்னவெனில், கணிப்பொறி வந்த பின்பும் அட்டை மறையவில்லை. பொறியில் செய்த பட்டியலை அட்டையாக அச்சிட்டு அனுப்பும் பணியை அந்நிறுவனம் பல்லாண்டுகள் தொடர்ந்தது. கடைசி அட்டைக் கட்டு அங்கிருந்து புறப்பட்டது 2015 அக்டோபர் 1 அன்றுதான்.

வளரும் நாடுகளின் நூலகங்களுக்கு யுனெஸ்கோ 1985இல் நுண்கணிப்பொறிக்கான 'ஐசிஸ்' என்ற மென்பொருளை வழங்கியது. இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு அது விலையின்றிக் கிடைத்தது. இந்திய நூலகர் பலர் கணிப்பொறிப் பட்டியலில் கைப்பழகியது அதன் வழியேதான். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் பொருட்டு 1991இல் தோன்றிய இன்பிளிப்நெட், 'சோல்' என்ற மென்பொருளை உருவாக்கி அளித்தது.

இந்த மாற்றத்தில் தமிழ் நூல்கள் ஒரு விலை கொடுத்தன. தொடக்கக் காலப் பொறிகளுக்கு ரோமன் எழுத்தே தெரியும். அதனால் வெளிநாட்டு நூலகங்களின் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் இட்ட ரோமன் எழுத்தில் ஏறின. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் எந்தக் குறி என்று அறியாத வாசகர், தம் தாய்மொழி நூலைத் தாமே தேடிக் காண இயலாமல் நின்றார். யூனிகோடு குறியீட்டின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், தமிழுலகில் வெவ்வேறு குறியீடுகள் நெடுநாள் புழங்கின. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பின்னரே இக்குழப்பம் பெருமளவு அடங்கியது. எழுத்து என்பது அழகுக்கான உடை மட்டுமன்று. கதவின் திறவுகோலும் அதுவே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

லெவின் என்னும் சிற்றூர்

இனி வருவது இந்நெடுங்கதையின் சுவைமிக்க பகுதி. நியூசிலாந்தின் வடதீவில் ஹொரோவெனுவா என்றொரு மாவட்டம். லெவின் அதன் தலைமையூர். அங்குள்ள பொதுநூலகங்களை ஓர் அறக்கட்டளை நடத்திவந்தது. 1999ஆம் ஆண்டில் அந்நூலகங்களின் பழைய மென்பொருளுக்கு ஒரு கண்டம் காத்திருந்தது. ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறிக்கும் பழக்கத்தால், 2000 பிறந்ததும் பொறி அதனை 1900 என்று மயங்கிவிடும். மார்கழியில் கொடுத்த நூலைத் தையில் திருப்ப வேண்டும் என்ற எளிய கணக்குக் கூட நூறாண்டு பிழைபடும்.

புதிய மென்பொருள் வாங்கலாம். ஆனால் பெரிய நூலகங்களுக்கெனச் செய்யப்பட்டவை சிற்றூரின் வருவாய்க்கு எட்டாதவை. வாங்கும் விலையோடு செலவு முடிவதுமில்லை. ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு சிறு மாற்றம் வேண்டினாலும் விற்றவரின் தயவை நாட வேண்டும். இந்நிலையில் வெலிங்டன் நகரின் 'காட்டிப்போ' என்ற சிறு நிறுவனம் வேறொரு வழியைச் சொல்லியது. புதிதாக ஒன்றை இணைய உலாவியில் இயங்குமாறு எழுதுவது. எழுதியதை யாவரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய உரிமத்தோடு உலகுக்கு அளித்துவிடுவது. தலைமை நூலகர் ரோசலி பிளேக் இதற்கு இசைந்தார்.

இசைவு எளிதாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தால் அது துணிவு. பொதுமக்கள் பணத்தில் செய்த கருவியைப் பிறருக்கு விலையின்றிக் கொடுப்பானேன் என்று கேட்பார் இருந்திருப்பர். விடை இதுதான். சிறிய நூலகம் ஒன்று தனியொரு நிறுவனத்தை நம்பினால், அந்நிறுவனம் மறைந்த அன்று அதன் பட்டியலும் ஆதரவற்றுப் போகும். பல ஊர்களில் பலர் பயன்படுத்தும் பொதுக் கருவியானால், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்வார். கொடுப்பதே காப்பதற்கும் வழி.

சில மாதங்களில் பணி முடிந்தது. 2000 ஜனவரி 3 அன்று நூலகங்களில் புதிய மென்பொருள் இயங்கத் தொடங்கியது. அதற்கு இட்ட பெயர் 'கோஹா'.

மொய்யும் கோஹாவும்

மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. விருந்தினர் தம்மை வரவேற்போருக்குக் கொண்டுவரும் பொருள் அது. பெற்றவர் மற்றொரு நாள் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அதில் அடங்கியிருக்கும். தமிழ்நாட்டுத் திருமண வீடுகளில் எழுதப்படும் மொய்யை அறிந்தவர்க்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

பெயருக்கேற்ப மொய் திரும்பி வந்தது. ஒஹையோவின் ஏதென்ஸ் கவுண்டியில் உள்ள நெல்சன்வில் பொதுநூலகம் கோஹாவை நாடியது. அப்போது கோஹாவுக்கு மார்க் எண்முறை தெரியாது. அந்த நூலகம் பணம் கொடுத்து அவ்வசதியைச் செய்வித்தது. செய்வித்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் பொதுவில் சேர்த்தது. பிரான்சு நாட்டு நிரலர் பால் புலேன் முதலியோரின் உழைப்பில் உருவான இரண்டாம் பதிப்பு 2004இல் வெளிவந்தது. ஆல்டன் நூலகம் 1971இல் பட்டியலைப் பகிரத் தொடங்கிய அதே ஏதென்ஸ் வட்டாரத்தில், முப்பதாண்டுகளுக்குப் பின் மென்பொருளையே பகிரும் வழக்கம் வேர்கொண்டது வரலாற்றின் இனிய ஒற்றுமை. இன்று இந்தியாவின் பற்பல கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் கோஹாவில் இயங்குகின்றன. ஐதராபாத்தில் உருவான 'நியூஜென்லிப்' மென்பொருளும் 2008இல் இவ்வழியைப் பின்பற்றித் தன் மூலநிரலைத் திறந்து வைத்தது.

கொடைக்கும் வழக்கு வந்தது. ஓர் அமெரிக்க நிறுவனம் நியூசிலாந்திலேயே 'கோஹா' என்ற பெயரைத் தன் வர்த்தகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. அது ஏற்கப்படும் நிலை வந்ததை 2011இல் அறிந்த அறக்கட்டளை, எதிர்த்து வழக்காடப் பொருளுதவி வேண்டி உலகுக்கு முறையிட்டது. பல நாடுகளில் இருந்து நன்கொடை வந்தது. முடிவில் அந்நிறுவனத்தின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. கொடையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதன் பெயரையும் காக்க வேண்டியிருந்தது.

வாசகரும் பட்டியல் எழுதுகிறார்

இதே காலத்தில் பட்டியலின் மறுபுறமும் திறந்தது. அதுவரை வாசகர் பட்டியலைப் பார்ப்பவர் மட்டுமே. 2005இல் தொடங்கிய 'லைப்ரரிதிங்' தம் வீட்டு நூல்களைத் தாமே பட்டியலிடவும், ஒத்த சுவையுடையோரைக் கண்டறியவும் வாசகர்களுக்கு இடமளித்தது. 2007இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நூலகம், தன் பட்டியலிலேயே வாசகர்கள் குறிச்சொல் இடவும் மதிப்புரை எழுதவும் வழிசெய்தது.

2008 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஏறத்தாழ 3,100 பழைய ஒளிப்படங்களை 'பிளிக்கர்' தளத்தில் வைத்தது. படத்தில் இருப்பவர் யார், தெரு எது, நிகழ்ச்சி எது என்று மக்கள் எழுதத் தொடங்கினர். நூலகர்கள் அவற்றை ஆராய்ந்து, அவ்வாண்டு இறுதிக்குள் 500க்கும் மேற்பட்ட பதிவுகளைத் திருத்தி நிறைவு செய்தனர். மக்கள் சொன்னதை நூலகர் சரிபார்த்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது. கதவு திறந்தது, காவல் நீங்கவில்லை.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று ஈழத்து நூல்களைப் பேணும் 'நூலகம்' முயற்சி. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த துயரத்தின் நினைவு மாறாத சமூகத்தில், 2005இல் அது தொடங்கப்பட்டது. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே கட்டற்ற மென்பொருளைக் கொண்டு, தன்னார்வலர்கள் நூல்களையும் இதழ்களையும் மின்படியாக்கித் தமிழ் எழுத்திலேயே பட்டியலிட்டனர். ஓரிடத்தில் இருந்தது எரிந்தது. பல இடங்களில் இருப்பதை எரித்தல் அரிது.

எச்சரிக்கைகள்

எல்லா மாற்றமும் வெற்றியன்று. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010இல் டுவிட்டரின் செய்திகள் அனைத்தையும் சேமிக்க முன்வந்தது. பெருக்கைத் தாங்க இயலாமல், 2018 தொடக்கம் முதல் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் சேர்ப்பது என்று முடிவை மாற்றிக்கொண்டது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் கணிப்பொறிக் கொள்ளையரின் தாக்குதலுக்கு ஆளானது. அலமாரிகளில் நூல்கள் அப்படியே இருந்தன. ஆனால் பட்டியல் முடங்கியது. 2024 ஜனவரி நடுவில்தான் அதனை மீண்டும் தேட முடிந்தது. பட்டியலில் இல்லாத நூல் இல்லாததே என்ற உண்மையை உலகின் பெருநூலகங்களுள் ஒன்று அம்மாதங்களில் நேரில் கண்டது.

மற்றோர் ஆபத்து ஓசையின்றி வருவது. யார் எந்த நூலைப் படித்தார் என்பது நூலகர் காக்க வேண்டிய மறைபொருள். அட்டைக் காலத்தில் நூல் திரும்பியதும் அச்சுவடு மறைந்துவிடக்கூடும். கணிப்பொறியோ தானாக மறப்பதில்லை. இரவல் வரலாற்றை நீக்கும் வசதி கோஹாவில் உண்டு; அதை இயக்குவதும் விடுவதும் நூலகத்தின் முடிவு. பட்டியலைச் சமூக வலைத்தளங்களோடு இணைக்கும்போது இம்முடிவு நூலகத்தின் கையைவிட்டே போகலாம். அச்சமின்றிப் படிக்கும் உரிமை இல்லாத இடத்தில் நூல்கள் மலிந்திருந்தும் பயன் இல்லை.

புதிய கருவி வாயிலில் வந்து நிற்கும்போது நூலகம் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. வாசகரின் நேரத்தை இது மிச்சப்படுத்துமா? அவர் மொழியில், அவர் எழுத்தில் பேசுமா? நாளை இதைக் கைவிட நேர்ந்தால் பட்டியலை முழுமையாக எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? படித்தவரின் பெயரை இது காக்குமா? லெவின் என்ற சிற்றூர் ஒரு நெருக்கடியில் இவற்றுள் சிலவற்றுக்குத் தானே விடை கண்டு, கண்டதை உலகுக்கும் வழங்கியது. அந்த மொய்யைப் பெற்றோர் வரிசையில் தமிழ்நாட்டு நூலகங்களும் உள்ளன. தமிழ்ப் பெயர்களையும் தமிழ் அகர வரிசையையும் தமிழ்த் தேடலையும் அக்கருவிகளில் செம்மையாக்கித் தருவது திருப்பிச் செய்ய வேண்டிய மொய். அது இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.