ஒரு செமஸ்டருக்கு வந்தவர்

பெர்லின் பில்ஹார்மோனிக் அரங்கில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒருவர் ஷோப்பனின் சி ஷார்ப் மைனர் நாக்டர்னை வாசிக்கும் காணொளி ஒன்று இணையத்தில் இருக்கிறது. குள்ளமான உருவம். வாசிப்பில் அவசரமே இல்லை. பின்னால் இசைக்குழுவினர் வாத்தியங்களை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது, வாழ்நாள் முழுக்க தனி மேடையில் ராஜாவாக இருந்த யாரோ ஒரு பெரிய வித்வான் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் மெனஹெம் பிரெஸ்லர், பியானோ வாத்தியார். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 1955 முதல் பாடம் எடுத்தவர்.

நம்மூரில் பியானோ என்றாலே கிரேடு பரீட்சைதான். கிரேடு எட்டு முடித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஆனால் 'பியானோ வாத்தியார்' என்று சொன்னால் நம் மனதில் ஒரு சின்ன இறக்கம் வருகிறது. மேடை கிடைக்காதவர், அதனால கிளாஸ் எடுக்கிறார், பாவம். இந்த எண்ணம் எனக்கும் இருந்தது. பிரெஸ்லரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அது ஆட்டம் கண்டது. அவரை உயிரோடு வைத்திருந்ததே ஒரு வாத்தியார்தானோ என்று தோன்றியது.

1923 டிசம்பரில் ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் பிறந்தார். அப்போது பெயர் மாக்ஸ். அப்பாவுக்குத் துணிக்கடை. யூதக் குடும்பம். ஊரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த கிட்சல் என்பவர் பையனுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார். யூதப் பையனுக்குப் பாடம் எடுப்பது ஒரு ஜெர்மானியருக்கு ஆபத்தான காரியமாகிவிட்ட காலம் அது. கிட்சல் நிறுத்தவில்லை. 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் ஆலயங்களும் ஒரே இரவில் நாடெங்கும் அடித்து நொறுக்கப்பட்டபோது பிரெஸ்லர் வீட்டுக் கடையும் தப்பவில்லை. மறுவருடம் குடும்பம் இத்தாலிக்குத் தப்பி, திரியெஸ்தே துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தது. அங்கே அவருக்குத் தபாலில் ஓர் இசைத்தாள் வந்தது. டெபுஸியின் 'நீரில் தெரியும் நிழல்கள்'. அனுப்பியவர் கிட்சல்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நாட்டைவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பையனுக்கு ஒருவர் என்ன அனுப்புவார்? பணம், துணி, ஒரு கடிதம். இவர் அடுத்த பாடத்தை அனுப்பியிருக்கிறார். அதுவும் ஒரு பிரெஞ்சுக்காரரின் இசையை, அந்த நேரத்து ஜெர்மனியிலிருந்து.

கப்பல் அவர்களைப் பாலஸ்தீனத்தில் இறக்கிவிட்டது. பின்னால் விட்டுவந்த தாத்தா பாட்டி, மாமாக்கள், அத்தைகள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் முகாம்களில் அழிந்தார்கள். தப்பிய பையனுக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பு மெலிந்துகொண்டே போனது. ஒருநாள் பாடத்தில் பேத்தோவனின் ஓபஸ் 110 சொனாட்டாவை வாசித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்துவிட்டார்.

எத்தனையோ சொனாட்டாக்கள் இருக்க, அது அந்தச் சொனாட்டாவாக இருந்தது தற்செயல்தான். ஆனாலும் அதன் கடைசிப் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு இது சும்மா கடந்துபோகிற தகவல் அல்ல. 1821இல் எழுதியது. முதலில் ஒரு புலம்பல் பாட்டு. பிறகு ஒரு ஃபியூக், அதாவது ஒரே மெட்டை ஒரு குரல் தொடங்க மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து சேரும் வடிவம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது ஃபியூக் உடைந்து, அதே புலம்பல் அரைச்சுரம் கீழே இறங்கித் திரும்பி வருகிறது. இந்தமுறை மெட்டு துண்டு துண்டாக இருக்கிறது. நடுவே மூச்சுவாங்குவதுபோல் சின்னச் சின்ன மௌனங்கள். தாளில் பேத்தோவனே 'களைத்துப்போய்' என்று எழுதிவைத்திருக்கிறார். பிறகு ஒரே சுரக்கூட்டு மீண்டும் மீண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பலமாக அடிக்கப்படுகிறது. அப்புறம் அந்த ஃபியூக் தலைகீழாகத் திருப்பப்பட்டுத் தொடங்குகிறது. அதற்கு மேலே அவர் எழுதிய குறிப்பு, மெல்ல மெல்ல உயிர் திரும்புவதுபோல் வாசிக்கச் சொல்கிறது. பிரெஸ்லர் தன்னைத் தேற்றியது இசைதான் என்று கடைசிவரை சொல்லிவந்தார். மற்றவர்கள் சொன்னால் மேடைப்பேச்சு என்று ஒதுக்கிவிடுவேன். இவர் சொல்லும்போது முடியவில்லை.

பாலஸ்தீனத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர்களில் ஒருவர் லியோ கெஸ்டன்பெர்க். பெரிய பியானோ மேதை புஸோனியின் மாணவர். நாஜிகளுக்கு முன்பு பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சில் இருந்து இசைக்கல்வி முழுவதையும் சீர்திருத்தியவர். தனியார் இசை ஆசிரியர்களுக்கும் தகுதித்தேர்வு வேண்டும் என்று கொண்டுவந்தவர். நாடு அவரைத் துரத்தியது. ஒரு தேசத்துக்கே வாத்தியார்களை உருவாக்கியவர் கடைசியில் இன்னொரு கண்டத்தில் ஓர் அகதிப் பையனுக்குப் பாடம் எடுத்தார்.

1946இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் டெபுஸி பெயரில் ஒரு போட்டி நடந்தது. நடுவர்களில் இசையமைப்பாளர் தாரியஸ் மியோ இருந்தார். முதல் பரிசு பிரெஸ்லருக்கு. டெபுஸியில் அவர் வைத்த முதல் அடி திரியெஸ்தேயில் வந்த அந்தத் தாள். அடுத்த வருடம் யூஜின் ஆர்மண்டியின் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவோடு கார்னெகி மண்டபத்தில் ஷூமன் கான்சர்ட்டோ வாசித்தார். தனி வித்வான் ஆகும் பாதை அப்படியே திறந்து கிடந்தது.

1955இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, ஜூலை மாதம் டாங்கிள்வுட்டில் போ ஆர்ட்ஸ் ட்ரையோவின் முதல் கச்சேரி. வயலின் டானியல் கிலே, செல்லோ பெர்னார்ட் கிரீன்ஹவுஸ், பியானோ இவர். இன்னொன்று, இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன் என்ற சின்ன ஊருக்கு, ஒரே ஒரு செமஸ்டர் பாடம் எடுத்துவிட்டு வரலாம் என்று போனது. அந்த செமஸ்டர் கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் நீண்டது. மூவரணி ஆண்டுக்கு நூறு கச்சேரிக்கு மேல் வாசித்த வருடங்கள் உண்டு. ஊர் ஊராகப் பறந்துவிட்டு அந்த மனிதர் திரும்பி வந்தது வகுப்பறைக்கு.

அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்? கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் எறியப்படுகிறது. கம்பியில் பட்டுத் திரும்புகிறது. எறியப்பட்ட பிறகு விரலுக்கு அதன்மீது எந்த அதிகாரமும் இல்லை. ஒலி பிறந்த கணமே சாகத் தொடங்கிவிடுகிறது. வீணையிலாவது மீட்டிய பிறகு தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கலாம், பியானோவில் அதுவும் கிடையாது. ஆக, பியானோவில் 'பாடுவது' என்பது கண்டிப்பாக ஒரு ஏமாற்றுவேலை. ஒரு சுரம் தேயும் அளவைக் காதில் பிடித்து, அடுத்த சுரத்தை அதற்கு ஏற்ற எடையில் வைக்க வேண்டும். அப்போதுதான் கேட்பவருக்கு இரண்டும் ஒரே மூச்சில் வந்ததுபோல் தெரியும்.

பிரெஸ்லர் புது மாணவர்களை மணிக்கட்டிலிருந்து தொடங்கினார். விறைப்பைக் கழற்று, கையின் எடையைக் கட்டைக்குள் இறக்கு, பிறகு தூக்கு. மேடையேறிப் பரிசு வாங்கிய இளைஞர்களுக்கும் இதே அரிச்சுவடிதான். பிறகு தாள். இசையமைப்பாளர் போட்ட ஒரு புள்ளி, ஒரு கோடு தப்பக்கூடாது. அவரிடம் படித்த வில்லியம் பிரவுன் 2008இல் ஒரு புத்தகமே எழுதினார். இருபதுக்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு பிரெஸ்லர் வகுப்பில் சொன்னவை அதில் இருக்கின்றன. இப்படியொரு பதிவு நம் வித்வான்கள் எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற ஆற்றாமை எனக்கு உண்டு.

மூவரணியிலும் அவர் ஒருவகையில் வாத்தியார்தான். வயலினும் செல்லோவும் ஒலியை நீட்டிப் பிடிக்கும், பியானோ நீட்டாது. ஆனால் சத்தத்தில் மற்ற இரண்டையும் மூழ்கடித்துவிடும். ஆகவே பியானோக்காரரின் முதல் வேலை கேட்பது. வயலினில் ஐந்து பேர், செல்லோவில் மூன்று பேர் என்று ஆட்கள் மாறினார்கள். முதல் கச்சேரியிலிருந்து கடைசிவரை மாறாமல் உட்கார்ந்திருந்தது இவர் ஒருவர்தான். ஹைடனின் ட்ரையோக்கள் முழுவதையும் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். அவற்றைத் தொடர்ந்து கேட்டால், பியானோ எத்தனை இடங்களில் வேண்டுமென்றே ஒதுங்கி நிற்கிறது என்பது தெரியும். வாசிக்கத் தெரிந்தவர் ஒதுங்குவதற்கும் தெரியாதவர் ஒதுங்குவதற்கும் காதில் வித்தியாசம் கேட்கும்.

2008இல் மூவரணி கலைந்தபோது அவருக்கு 84. ஓய்வுபெற்றார் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு முன்பு ஒதுக்கிவைத்த தனி வாசிப்பை அவர் எடுத்தது அப்போதுதான். 2014 ஜனவரியில், தொண்ணூறாவது வயதில், பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு முதல்முறையாக மொஸார்ட் வாசித்தார். அவர் நாட்டைவிட்டுத் தப்பி 75 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே வருடக் கடைசியில் சைமன் ராட்டிலோடு புத்தாண்டுக்கு முந்தின நாள் கச்சேரி. அந்த வருடம்தான் 1949இல் மணந்த மனைவி ஸாரா இறந்தார். மறுவருடம் இதயத்தின் பெருந்தமனியில் பெரிய அறுவைசிகிச்சை. தேறி எழுந்து திரும்பவும் பியானோவுக்கு வந்தார். 2023 மே 6 அன்று லண்டனில், நூறு வயதுக்கு ஏழு மாதம் இருக்கையில், காலமானார்.

கடைசிக்காலத்து வாசிப்பில் விரல் தடுமாறும் இடங்கள் இருக்கின்றன. அதை மறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேகமான இடங்களில் கை பின்தங்குகிறது. ஆனால் மெதுவான இடங்களில், ஒரு சுரம் தேய்ந்து முடியும்வரை அவர் காத்திருக்கும் விதம் இளம் வித்வான்கள் பலரிடம் கிடைக்காது.

2018இல், 94 வயதில், டாய்ச்சே கிராமஃபோன் என்ற ஜெர்மன் நிறுவனம் அவருடைய இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. ஃபோரே, ராவெல் கொஞ்சம். மற்றபடி பெரும்பாலும் டெபுஸி.